பஞ்சியில மட்டும் பழி போடாதேங்கோ

"மோட்டிவேஷன் வருகுதில்லை மச்சான்." எங்கட வயதுக்காரர் வாயில் இப்போது அடிக்கடி கேட்கிற வசனம் இது. சனவரியில் ஜிம்மில் சேருகிறார்கள். புதுச் சப்பாத்து வாங்குகிறார்கள். விடிய அஞ்சு மணிக்கு அலாரம் வைக்கிறார்கள். பொங்கல் முடிந்து வீட்டில் முறுக்கும் முடிகிற நேரத்தில் அலாரம் மட்டும்தான் மிஞ்சி நிற்கும். அதையும் நாலு நாளில் யாராவது நிறுத்திவிடுவார்கள், பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கிற தம்பி.

அம்மாமாருக்கு இவ்வளவு நீளமான சொல் தேவையில்லை. "உவனுக்குப் பஞ்சி" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள்.

இரண்டு சொல்லும் சொல்கிற தீர்ப்பு ஒன்றுதான். குறை ஆளுக்குள்ளே இருக்கிறதாம். மனதைத் தட்டி எழுப்பினால் உடம்பு தானாக எழும்புமாம். தட்டி எழுப்புவதற்கென்றே ரிக்ரொக்கில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்: பின்னால் ஒரு மியூசிக், முன்னால் வேர்வை வடிகிற ஒரு ஆள், "இண்டைக்கு நீ எழும்பாட்டி எண்டைக்கும் எழும்ப மாட்டாய்" என்று ஒரு மிரட்டல். நாங்கள் அதைப் படுத்திருந்து பார்க்கிறோம்.

இந்தத் தீர்ப்போடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் நாளாந்தம் உடம்பை அசைக்கிறாரா இல்லையா என்பது அவருடைய மன உறுதியில் தங்கியிருப்பது கொஞ்சம்தான். அவருடைய நாள் எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது, கூட வாறதுக்கு ஆர் இருக்கினம், காலை வைக்க ஒரு இடம் இருக்கா, அந்த இடத்துக்குப் போய் வர அவருக்கு விடுதலை இருக்கா என்பவற்றில்தான் மிச்சம் எல்லாம் தங்கியிருக்கிறது. இதைச் சொல்லாமல் "மனம் இருந்தால் போதும்" என்று புத்தி சொல்வது ஏமாற்று என்றே நாங்கள் நினைக்கிறோம். அந்தப் புத்தி யார் தலையில் அதிகமாக விழுகிறது என்று பார்த்தால் ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று விளங்கும். அதுக்குப் பிறகு வாறம்.

முதலில் ஒரு பஸ் கதை. 1953 இல் ஜெரி மொறிஸ் என்ற பிரித்தானிய வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பஸ், ஒரே பாதை, இரண்டு ஆட்கள். சாரதி நாள் முழுக்க இருந்த இடத்தில் இருப்பார். கண்டக்டர் ரிக்கெற் கொடுக்கிறதுக்கு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்குமாக ஏறி இறங்குவார், ஒரு வேலை நாளில் 500 தொடக்கம் 750 படிகள் வரை. மாரடைப்பு யாருக்குக் குறைவாக வந்தது என்று பார்த்தால், கண்டக்டர்மாருக்கு. தபால் திணைக்களத்திலும் அதே கதை. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், கதிரையில் இருந்து வேலை பார்த்தவர்களைவிடத் தப்பினார்கள்.

இதில் ஒரு சின்ன வில்லங்கமும் இருக்கிறது. பிறகு மொறிஸே சீருடைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, சாரதிமாரின் காற்சட்டை இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்மாரைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆகவே எல்லாப் புண்ணியத்தையும் படிகளுக்கே கொடுக்க ஏலாது. தன் முடிவைத் தானே கிண்டிப் பார்த்த மனிசன் என்பதால் எங்களுக்கு அவரில் மரியாதை கூடுகிறது. 99 வயது வரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒன்று. அந்தக் கண்டக்டர்மாரில் ஒருவருக்கும் மோட்டிவேஷன் தேவைப்படவில்லை. மேல்மாடியில் காசு வாங்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள், அதால ஏறினார்கள். அவ்வளவுதான்.

எங்கட அம்மம்மாமாரும் அப்படித்தான். "எக்சசைஸ்" என்று ஒன்றை அவர்கள் செய்ததில்லை. கிணற்றில் துலா மிதித்தார்கள், முத்தம் கூட்டினார்கள், அம்மியில் அரைத்தார்கள், சந்தைக்கு நடந்து போய்ச் சாமானைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அம்மியில் அரைத்தவர்களின் தோள்மூட்டைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அதே வீட்டு ஆம்பிளைகள் பலர் அந்த நேரம் திண்ணையில் இருந்து அரசியல் கதைத்தார்கள். மோட்டர் பூட்டினதும் கிரைண்டர் வாங்கினதும் நல்ல காரியம், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த வேலைகள் போனபோது அவற்றோடு சேர்ந்து அசைவும் போனது. அதற்குப் பதிலாக எதையும் நாங்கள் வைக்கவில்லை. வெற்றிடத்தில் ஒரு கதிரையும் ஒரு போனும் வந்து குந்திக்கொண்டன.

சைக்கிளை எடுங்கோ. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடின பழைய கார்கள் சில இருந்தன என்று அப்பாமார் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மற்றப்படி விறகு, மரக்கறி, வருத்தக்காரர், கலியாணத்துக்குப் போற குடும்பம் எல்லாமே இரண்டு சில்லில். பிறகு 2022. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் கொடுப்பதையே அரசாங்கம் நிறுத்தியது. கொட்டிலுக்குள் கிடந்த லுமாலாக்களுக்கு எல்லாம் ரியூப் மாற்றினார்கள். சைக்கிள் விலை எங்கேயோ போய் நின்றது. வங்கி முகாமையாளர், ஆசிரியர், பல்கலைக்கழகப் பொடியள் என்று எல்லாரும் மிதித்தார்கள். கியூ.ஆர் வந்தது, வரிசை குறைந்தது, சைக்கிள் திரும்பவும் கொட்டிலுக்குள் போனது.

இதில் இருந்து இரண்டு பாடம் எடுக்கலாம். "பாத்தியளே, தேவை வந்தா எல்லாராலும் ஏலும்" என்பது ஒன்று. மேடையில் பேசுகிறவர்களுக்கு இது பிடிக்கும். தட்டுப்பாட்டையும் தடையையும் உடற்பயிற்சித் திட்டமாகக் காட்டுகிற கதை எங்களுக்குப் பிடிக்காது. வரிசையில் நின்றே செத்துப்போனவர்களும் அந்த வருடத்தில்தான் இருந்தார்கள். நாங்கள் எடுக்கிற பாடம் மற்றது: அந்த மாதங்களில் யாருடைய மனமும் புதிதாக உறுதியாகிவிடவில்லை. சூழல் மாறியது, கால் அசைந்தது. சூழல் திரும்பியது, கால் நின்றது. அப்படியென்றால் கட்டாயம் இல்லாத காலத்தில், எங்கட கையால், சூழலைக் கொஞ்சமாவது மாற்றி வைக்கலாமா என்றுதான் கேட்க வேண்டும்.

இடையில் ஒன்று. இந்தக் கட்டுரை எல்லாருக்குமானது இல்லை. காலமை கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறி, பின்னேரம் வரை கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவிடம் போய் "நாளுக்கு அரை மணித்தியாலம் உடம்பை அசையுங்கோ" என்று சொன்னால் அவ கூடையாலேயே எறிவா, எறியவும் வேணும். அவவுக்குத் தேவையானது ஓய்வும் ஒழுங்கான சம்பளமும். மேசன் வேலைக்குப் போகிறவருக்கும், கரைவலை இழுக்கிறவருக்கும் அப்படித்தான். நாங்கள் கதைப்பது கதிரையில் வாழ்க்கை போகிறவர்களைப் பற்றி: ஏ.எல் படிக்கிறவர்கள், கம்பஸ் பிள்ளைகள், அலுவலகக்காரர், வீட்டிலிருந்து கொம்பியூட்டரில் வேலை செய்கிறவர்கள். வீட்டில் அப்பாவுக்குச் சீனி, அம்மாவுக்குப் பிரஷர், மேசையில் மருந்துப் பெட்டி. இதைப் பார்த்து வளர்ந்தும், அது எங்களுக்கும் நாற்பதில் வரும் என்று ஏற்றுக்கொண்டதுபோலத்தான் பலர் இருக்கிறோம்.

எவ்வளவு அசைய வேண்டும் என்பதிலும் நிறையக் கட்டுக்கதை இருக்கிறது. பத்தாயிரம் அடி நடந்தால்தான் கணக்கு என்கிறார்கள். அந்த எண் ஏதோ வைத்தியக் குழு கண்டுபிடித்தது இல்லை. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மீற்றர்" என்றுதான் பொருள்படும். விளம்பரம் வழக்கமாகி, வழக்கம் விஞ்ஞானமாகிவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் சொன்னது இதைவிடச் சாதாரணமானது. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு அசைவு. வேகமான நடை போதும், சைக்கிள் போதும், வளவு துப்பரவாக்குகிறதும் சேரும். முன்பு "ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு" என்று வைத்திருந்ததையும் அந்த முறை எடுத்துவிட்டார்கள். ஒழுங்கைக் கடைக்கு நடந்து போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு நிமிடமும் கணக்கில் சேரும் என்று அர்த்தம். ஆனால் எங்கட ஊரில் ஒழுங்கைக் கடைக்கு ஸ்கூட்டி ஸ்ராட் பண்ணாமல் போகிறவரைப் பார்த்தால், "ஏன் தம்பி, வண்டி பழுதோ?" என்று கேட்பார்கள்.

ஜிம்முக்கு நாங்கள் எதிரி இல்லை. எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் ஒழுங்காகப் போகிறார்கள், பாரம் தூக்குவது உடம்புக்கு நல்லது என்பதும் உண்மை. ஆனால் மாதக் கட்டணம், புரோட்டீன் பவுடர், கண்ணாடி முன் படம் என்று அது ஒரு தனி வாழ்க்கையாகி, "அது இல்லாட்டி ஒண்டும் இல்லை" என்ற எண்ணத்தைக் கொண்டுவந்துவிட்டது. காசு கட்ட ஏலாத மாதத்தில் நடையும் நின்றுபோகிறது. ஜிம்முக்கு பைக்கில் போய், அங்கே மிசினில் ஏறி ஓடிவிட்டு, பைக்கில் திரும்பி வருகிறதை அம்மம்மா ஒருத்திக்கு விளங்கப்படுத்தப் பார்த்தோம். முடியவில்லை.

இனி நேரத்துக்கு வருவோம். ஓ.எல் படிக்கிற ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கோ. ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஒண்டரைக்கு முடிய வீடு, சோறு, இரண்டரைக்கு ரியூசன், ஆறு மணிக்கு இன்னொன்று. சனி ஞாயிறு காலமையில் தொடங்கி இருட்டும் வரை ரியூசன். 5 வயதில் இருந்து 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட அசைவு தேவை என்கிறது அதே ஸ்தாபனம். அந்த 60 நிமிடத்தை இந்த நாளில் எங்கே செருகுவது? சோதனை நெருங்கினால் பி.ரி பாடத்துக்குக் கணக்கு ரீச்சர் வந்து நிற்பா. 2019 இல் வெளிவந்த, 146 நாடுகளின் தரவுகளைச் சேர்த்த ஒரு ஆய்வு, 11 தொடக்கம் 17 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளில் 81 வீதமானோருக்குப் போதிய அசைவு இல்லை என்று கண்டது. உலகத்தில் பத்துப் பிள்ளைக்கு எட்டுப் பிள்ளை. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பஞ்சி பிடித்துவிட்டதா என்ன?

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: பொடியளில் 78 வீதம், பெட்டையளில் 85 வீதம். இப்போது, பிறகு வாறம் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கிற நாட்களில் எங்கட பெண்கள் பாடசாலை ஒன்றின் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கோ. அணிநடை, இல்லச் சோடனை, தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம். பதின்மூன்று வயதில் 200 மீற்றரில் பறக்கிற பிள்ளை இருப்பாள். உயரம் பாய்கிறவள் இருப்பாள். வலைப்பந்தாட்டத்தில் பந்தைக் கீழே விடாதவள் இருப்பாள். ஐந்து வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று தேடினால் விரல் மிஞ்சும். அவர்களுக்கு ஒரு நாள் விடிய மோட்டிவேஷன் போய்விடவில்லை. "பெரிய பிள்ளையாயிற்றாய், இனி என்ன துள்ளல்" என்றார்கள். காற்சட்டை போட்டு ஓடினால் ஒழுங்கையில் கதை வந்தது. வெயிலில் கறுப்பாய்ப் போவாய், பிறகு ஆர் கட்டுவினம் என்றார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்யலாம் என்று சொல்லித்தர ஆளில்லை. ஓ.எல் வந்தது. முடிந்தது.

ஊர் மைதானத்துக்கு வாருங்கோ. பின்னேரம் நாலரைக்குப் பொடியளின் கால்பந்து ஒரு பக்கம், கரப்பந்து இன்னொரு பக்கம், மதிலில் குந்தியிருந்து பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். அதே நேரத்தில் நாலு பெட்டையள் அந்த மைதானத்தைச் சுற்றி நடந்தால் என்ன நடக்கும் என்று வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். றோட்டில் நடந்தால் பைக்கில் வாறவர்கள் அருகில் வந்து ஸ்லோ பண்ணுவார்கள், ஒரு வசனம் விழும், சிரிப்பு விழும். எங்கட குழுவில் உள்ள பெண்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு பாதை இருக்கிறது: தவிர்க்கிற சந்தி, தவிர்க்கிற கடை வாசல், தவிர்க்கிற நேரம். ஆறு மணிக்கு இருட்டினால் அம்மா கேற்றடியில் நிற்பா. விடியப் போகலாம் என்றால் தெரு நாய்கள். நாய் பிரச்சினையைச் சின்ன விஷயம் என்று நினைக்காதேங்கோ, ஒரு கடியோடு ஒரு வருட நடை நின்றுபோன ஆட்களை எங்களுக்குத் தெரியும். இவ்வளவையும் கடந்து வந்து ஒருத்தி வீட்டில் இருந்துவிட்டால், அவளுக்கு நாங்கள் வைக்கிற பெயர் பஞ்சி.

இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023 இல், தன் 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்கள் வாங்கிக்கொண்டு வந்தா. நாங்கள் எல்லாரும் ஸ்ரேற்றஸ் போட்டோம், பெருமைப்பட்டோம், அது சரிதான். ஆனால் ஸ்ரேற்றஸ் போட்ட எத்தனை வீட்டில், அடுத்த நாள் அம்மாவோ அக்காவோ ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தனியாக றோட்டில் இறங்கினார்கள்? "அவவைப் பாருங்கோ, அவவால ஏலுமெண்டா உங்களால ஏலாதோ?" என்று கேட்பது சுலபம். எல்லாத் தடையையும் உடைத்து வந்த ஒரு ஆளைக் காட்டி, தடையை அப்படியே வைத்திருப்பது எங்கட சமூகத்துக்குக் கைவந்த கலை.

சரி, அசைகிறவர்கள் ஏன் அசைகிறார்கள் என்றும் பார்த்தோம். அதே மைதானத்தில் கரப்பந்து விளையாடுகிற பொடியளைக் கேட்டால் ஒருவனும் உடம்புக்காக வாறன் என்று சொல்ல மாட்டான். ஓவர் கேம் விளையாட ஆள் கணக்கு வேண்டும். அஞ்சு மணிக்கு ஒருவன் வராவிட்டால் போன் போகும்: "டேய் எங்க நிக்கிறாய், ஒராள் குறையுது." அந்தப் போன்தான் எல்லாம். காய்ச்சல் என்றாலும் வந்து மதிலிலாவது இருப்பான். தான் போகாவிட்டால் இன்னொருவருடைய பின்னேரம் கெடும் என்பது, ரிக்ரொக்கில் ஒரு ஆள் கத்துவதைவிட ஆயிரம் மடங்கு பலமானது. கலியாணம் கட்டினதும், வெளிநாடு போனதும், அந்தக் கூட்டம் கலைந்ததும் அதே பொடியனுக்கு வயிறு வைக்கிறதையும் கண்டிருக்கிறோம். அவனுடைய மன உறுதி கூட்டத்தோடு சேர்ந்து இருந்திருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவையும் நினைத்துப் பாருங்கோ. 25 நாள். மற்ற நாளில் சந்திக்கு நடக்காதவர்கள் வெறுங்காலோடு, சுடுமணலில், கோயிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். சிலர் பிரதட்டை செய்கிறார்கள், அடி அழிக்கிறார்கள். பக்தி, சிநேகிதர், புதுச் சாறி, ஐஸ்கிரீம், யாரையோ காணலாம் என்ற எண்ணம், எல்லாம் கலந்து கால் நோவை மறக்கப் பண்ணிவிடுகிறது. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள், அதில் அறுபது எழுபது வயது அம்மாமாரும் இருக்கிறார்கள். நடைக்கு ஒரு போகுமிடமும் ஒரு கூட்டமும் இருந்தால் இந்தச் சனம் நடக்கும்.

ஆகவே எங்கட கருத்து: மனதைத் தயார்ப்படுத்துவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், நாளின் ஒழுங்கில் கை வையுங்கோ. ஏற்கனவே செய்தே ஆக வேண்டிய ஒரு வேலையோடு அசைவைக் கட்டிவிடுங்கோ. இரண்டு கிலோமீற்றருக்குள்ளான ரியூசன் என்றால் சைக்கிள், அம்மா பால் வாங்கச் சொன்னால் நடை. போன் கதைக்கிறதென்றால் வளவுக்குள் நடந்து கதையுங்கோ. காதலிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது, கிழமைக்கு 150 நிமிடம் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஒரு ஆளைச் சேருங்கோ, உங்களைவிட ஒழுங்கான ஆளாக இருந்தால் நல்லது, ஒழுங்கில்லாத ஆள் என்றாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே நாளில் பஞ்சிப்படுவது குறைவு. பதினொரு மணியில் இருந்து மூன்று மணி வரை எங்கட வெயிலோடு வீரம் காட்டாதேங்கோ.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்ற சவாலையும் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருகிற நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். தண்ணி குடிக்கிற பழக்கம் கெதியில் வந்தது, உடற்பயிற்சி சுணங்கியது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. 22 ஆவது நாளும் அலாரத்தைக் கேட்க வெறுப்பாக இருந்தால் அது உங்கட குறை இல்லை. ஒரு நாள் மழைக்கு விட்டால், "எல்லாம் போச்சு" என்று முழுதாக விடவும் தேவையில்லை. மார்கழி மழைக்கு நாங்கள் எல்லாரும் விடுகிறோம். தை வரும்.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் எங்கட குழுவிலேயே உண்டு. "எல்லாத்துக்கும் சமூகம், சூழல் எண்டு சொன்னா, ஆள் என்னத்துக்குப் பொறுப்பு? ஆர்வம் இருக்கிறவன் மதிலுக்குள்ளயும் ஓடுவான்" என்றார் ஒருவர். ஓடுவான்தான். வீட்டு முத்தத்தில் ஸ்கிப்பிங் கயிறு போடுகிற பெட்டையளும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறோம். ஆனால் ஒரு ஊரின் உடம்பை அந்த ஒன்றிரண்டு பேரை வைத்து அளக்க ஏலாது. ஆளுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது: வாசலைத் திறந்து வெளியில் வருவது. வந்த பிறகு அந்த றோட்டும் மைதானமும் எப்படி இருக்கிறது என்பது மற்ற எல்லாருடைய பொறுப்பு. பைக்கில் போகிறவன் உட்பட.

எனவே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுகிறோம். இதை வாசிக்கிறவர்களில் பலர் ஏதோ ஒரு விளையாட்டுக் கழகத்திலோ சனசமூக நிலையத்திலோ உறுப்பினர், சிலர் செயலாளர், பொருளாளர். கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒரு மணித்தியாலம், மைதானத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்குங்கோ. அந்த நேரத்தில் மதிலில் ஆளிருக்கக் கூடாது. ஒரு வலைப்பந்துக் கம்பம் நாட்டப் பெரிய காசு தேவையில்லை, வருடாந்தச் சுற்றுப்போட்டிக்கு அடிக்கிற பனர்ச் செலவில் வரும். பிரதேச செயலகத்தில் ஒரு விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், கடிதம் கொடுத்தால் பயிற்சிக்கு ஆள் கேட்கலாம். மைதானத்து ஒழுங்கையில் எரியாத தெருவிளக்குகளை எண்ணிப் பிரதேச சபைக்கு எழுதுங்கோ. ரியூசன் நடத்துகிறவர்களிடம் ஞாயிறு பின்னேரத்தை விடச் சொல்லிப் பெற்றோர் கேட்டால்தான் நடக்கும், பிள்ளைகள் கேட்டு நடக்காது. அண்ணாமாரே, தங்கச்சி நடக்கப் போனால் காவலுக்குப் பின்னால் பைக்கில் போக வேண்டாம். சந்தியில் நிற்கிற உங்கட சிநேகிதரிடம் கதையுங்கோ, அது போதும்.

பெரும்பாலான கழகங்களுக்குப் பொதுக்கூட்டம் வருட முற்பகுதியில்தான் வரும். நிகழ்ச்சி நிரலில் சீருடை, சுற்றுப்போட்டி, கணக்கறிக்கை என்று வரிசையாக இருக்கும். "ஏனையவை" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், எல்லாரும் எழும்பிப் போகிற நேரத்தில் வாறது. மைதான நேரத்தை அதற்குள் போடாமல், கணக்கறிக்கைக்கு முன்னால் போடச் சொல்லுங்கோ. கூட்டத்துக்கு அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, முடிந்தால் நடந்தே.